பூச்சாறு ஏன் சொன்ன நிறத்துக்கு வரவில்லை? வீட்டில் அமிலமும் காரமும் சோதிப்போருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

விஞ்ஞானத்தில் அமிலமும் மூலமும் (காரமும்) படிப்பிக்கிற தவணை வந்தால், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வேலியோரச் செவ்வரத்தையில் பூ மிஞ்சாது. பூவைப் பறித்துச் சுடுதண்ணீரில் போட்டு, தேசிக்காயும் அப்பச்சோடாவும் விட்டுப் பார்த்து வரச் சொல்லி ஆசிரியர் அனுப்பியிருப்பார். அமிலத்துக்கு இளஞ்சிவப்பு, காரத்துக்குப் பச்சை என்று கொப்பியில் இருக்கும். வீட்டில் வருவதோ சாம்பல், கறுப்பு, அழுக்குப் பச்சை. சிலவேளை ஒன்றுமே வராது. பிள்ளை கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கொப்பியில் இருப்பதையே விடையாக எழுதிக்கொண்டு போய்விடும்.

எனக்கு அந்தச் சாம்பல் நிறம்தான் பெரிது. அதுவும் ஒரு விடைதான். ஆனால் அது தேசிக்காயைப் பற்றிய விடை அல்ல. கிணற்றைப் பற்றியோ, சட்டியைப் பற்றியோ, கடதாசியைப் பற்றியோ வந்த விடை. சோதிப்பவர் ஒரு பொருளைக் கேட்க, பூச்சாறு அதைத் தொட்ட எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறது. கீழே வருபவை எங்கள் பக்கத்து வீடுகளில் அடிக்கடி தலைகாட்டும் கோளாறுகள். உங்களுக்கு எது வந்ததோ அதற்குப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

எந்தக் கோளாறு என்றாலும் முதலில் மூன்று கிளாஸ்

ஒரே அளவான மூன்று கண்ணாடிக் கிளாஸ் எடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு பூச்சாறு. முதலாவதில் வேறொன்றும் விடவேண்டாம். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாக் கரைசல். பின்னால் வெள்ளைத் துணியோ கடதாசியோ பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் ஊதாவும் சாம்பலும் ஒன்றாகத் தெரியும்.

மூன்றும் மூன்று நிறமாக நின்றால் சாறு நல்லது. கோளாறு நீங்கள் சோதிக்கிற பொருளில். மூன்றும் ஒன்றுபோல நின்றால் சாறே பிழை, மேலே போகவேண்டாம். வெறும் சாறும் சோடா விட்டதும் ஒரே நிறமானால், உங்கள் தண்ணீரிலோ கிளாஸிலோ ஏற்கெனவே காரம் இருக்கிறது. கழுவிய கிளாஸில் ஒட்டிநிற்கும் சவர்க்காரமே இதைச் செய்யும். நன்றாக அலசி, கடைசி அலசலைப் போத்தல் தண்ணீரில் செய்யுங்கள்.

பாடப்புத்தகம் செவ்வரத்தையைச் சொன்னாலும், எனது தெரிவு நீலச் சங்குப்பூ. அதன் நிறப்பொருள் உறுதியானது, வெறும் நிலையில் நீலமாகத் தெளிவாக நிற்கும். அரைக் கோப்பை சுடுதண்ணீருக்குப் பத்துப் பூ போதும். அதில் தேசிக்காய் விட்டால் செவ்வூதா வரும், வினாகிரிக்கு ஊதா. அப்பச்சோடாவுக்கு நீலம் பச்சைப் பக்கம் சற்றுச் சாயும், சலவைத் தூளுக்கு நீலப்பச்சையாகும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கித் தெளியவிட்ட நீருக்குப் பச்சையாகி, நின்று மஞ்சளாகும். இந்த வரிசையை ஒருமுறை செய்து, நிறங்களைக் கலர்ப் பென்சிலால் கொப்பியில் பூசி வைத்தால், புத்தகத்தில் அச்சிட்ட படத்தைவிட அது உதவும். உங்கள் தண்ணீருக்கும் உங்கள் பூவுக்கும் உரிய அளவுகோல் அதுதான்.

எதுவும் விடமுதலே செவ்வரத்தைச் சாறு சாம்பலாகவோ அழுக்குப் பச்சையாகவோ நிற்கிறது

எங்கள் கரையோரத்தின் முதலாம் கோளாறு இது. ஆரையம்பதியில் ஒரு பிள்ளையின் தாய் கேட்டார்: “சேர், எங்கட கிணத்துத் தண்ணியில பூவப் போட்டா ஏன் இப்பிடிக் கறுக்குது? கடைத் தண்ணியில போட்டா வடிவா ஊதாவா வருதே.” அவர் ஏற்கெனவே பாதிச் சோதனையைச் செய்து முடித்துவிட்டார். ஒரே பூ, இரண்டு தண்ணீர், இரண்டு நிறம். பூவைக் குற்றம் சொல்ல இடமில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மணலில் சிப்பியும் சங்கு உடைசலும் நிறையக் கலந்திருக்கும். அவை கல்சியம் காபனேற்று. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு கீழிறங்கும்போது இந்தச் சிப்பியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைக்கிறது. கிணற்றில் ஊறுவது கல்சியம் இருகாபனேற்றுக் கலந்த வன்தண்ணீர். அது மென்மையான காரம். செவ்வரத்தைக்கு அந்த மென்மையே போதும். சிவப்பும் ஊதாவும் போய் நீலச்சாம்பல் ஆகிவிடும்.

இங்கே பலரும் செய்கிற திருத்தம் கோளாறைக் கூட்டுகிறது. ‘தண்ணீர் சரியில்லை, நன்றாகக் கொதிக்கவைப்போம்’ என்பார்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறும், கல்சியம் காபனேற்று படியும், மிஞ்சும் தண்ணீரின் காரத்தன்மை முன்பைவிட ஏறும். கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கட்டிப்பிடிக்கிறதே, அது இந்தப் படிவுதான். அந்தப் படிவில் வினாகிரி விட்டால் நுரைத்துக் கரையும். கொதித்த கிணற்றுத் தண்ணீரில் ஊறிய செவ்வரத்தை, கொதிக்காத தண்ணீரில் ஊறியதைவிடப் பச்சையாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொரு பிழையான திருத்தம், சாறு ஊதாவாக வரும்வரை ஒரு துளி தேசிக்காய் விடுவது. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு எதைச் சோதித்தாலும் உங்கள் தேசிக்காயும் கிணற்றுக் காரமும் சேர்ந்தே பேசும்.

சரியான வழி தண்ணீரை மாற்றுவது. மாரியில் கூரையிலிருந்து வடியும் முதல் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு நேரே வானத்துக்குக் கீழே சட்டி வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் மிக நல்லது. அதன் பீ.எச். (அமிலமா காரமா என்று சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5.6 என்பதால் மிக மெலிந்த அமிலம், செவ்வரத்தையைக் குழப்பாது. கோடையில் குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கலாம். காசு செலவழிக்க விருப்பமில்லையா, பிரிஜ்ஜின் மேற்தட்டில் கட்டிப்பிடிக்கும் உறைபனியைச் சுரண்டிக் கரையவிடுங்கள். காற்றின் ஈரத்திலிருந்து வந்த தண்ணீர் அது, கிணற்றின் உப்பு எதுவும் அதில் இல்லை.

உவர்க் கிணறு பற்றி ஒரு சொல். 2004 சுனாமி அள்ளிப்போட்ட கடல்நீரால் எங்கள் கரையோரக் கிணறுகள் எத்தனையோ உவர்த்துப்போனதை இங்கே எல்லோரும் அறிவார்கள். அதனால் உவர்த்தண்ணீர் என்றால் காரத்தண்ணீர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கறியுப்பு நடுநிலைப் பொருள். நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்துச் சங்குப்பூச் சாறு விட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். உங்கள் கிணறு உவர்ப்பாகவும் இருந்து பூவையும் பச்சையாக்கினால், அவை இரண்டும் ஒரே கிணற்றில் இருக்கிற இரண்டு வேறு விடயங்கள்.

தேசிக்காய்க்கு மாறுகிறது, தயிருக்கும் இளநீருக்கும் அசையவில்லை

‘புளிக்கிறது, அப்போ அமிலம், ஏன் நிறம் மாறவில்லை?’ என்ற கேள்வி இது. விடை பீ.எச். அளவுகோலுக்குள் இருக்கிறது. டென்மார்க் தலைநகர் கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சன் 1909-இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தார். அதில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். தேசிக்காய்ச் சாறு 2 முதல் 2.5 வரை, தயிர் 4 முதல் 4.5 வரை, இளநீர் 5-ஐ ஒட்டி. தேசிக்காய்க்கும் தயிருக்கும் இரண்டு படி இடைவெளி என்றால் நூறு மடங்கு வித்தியாசம். நாக்கு அதை ‘கொஞ்சம் புளிப்புக் குறைவு’ என்று எடுத்துக்கொள்ளும். சங்குப்பூ அப்படி எடுப்பதில்லை. அதன் நீலம் 4-க்குக் கீழே போனால்தான் கண்ணுக்குத் தெரிய ஊதாவாகும்.

செவ்வரத்தையில் இதே இடத்தில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. 4-க்கும் 6-க்கும் இடையில் அதன் நிறப்பொருளில் பெரும்பகுதி நிறமற்ற வடிவத்துக்கு மாறிவிடும். ஆகவே இளநீர் விட்டதும் சாறு சிவக்காமல் வெளிறும். பிள்ளைகள் இதைத் ‘தாக்கமில்லை’ என்று எழுதுகிறார்கள். வெளிறியதும் தாக்கமே. பக்கத்தில் அதே அளவு மழைத்தண்ணீர் விட்ட கிளாஸை வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

மெல்லிய அமிலத்துக்கு ஊதாக் கோவா நல்லது. மலைநாட்டிலிருந்து வரும், பெரிய கடைகளில் கிடைக்கும்; கால் கோவா வாங்கினால் ஒரு வகுப்புக்கே போதும். அதன் சாறு 4-இல் இளஞ்சிவப்பு ஊதா, 6-இல் ஊதா, 8-இல் நீலம், 10-இல் நீலப்பச்சை என்று படிப்படியாகப் பேசும். நடுவில் மௌனமாகாது.

தயிரில் இன்னொரு தடை அதன் வெள்ளை. எருமைத் தயிருக்குள் சாறு விட்டால் என்ன நிறம் வந்தாலும் வெளிறிய இளநீலமாகவே படும். தயிரைச் சோதிக்க வேண்டாம், தயிர்த் தண்ணீரைச் சோதியுங்கள். புதிதாக உடைத்த மண்சட்டித் தயிரின் நடுவில் கரண்டியால் ஒரு குழி எடுத்துவிட்டு மூடி வைத்தால், சிறிது நேரத்தில் அந்தக் குழிக்குள் இளம்பச்சை கலந்த மஞ்சளாகத் தண்ணீர் ஊறி நிற்கும். எங்கள் எருமைத் தயிர் கட்டியானது, மண்சட்டியும் ஈரத்தை உறிஞ்சிவிடும்; ஆகவே குழியில் ஊறுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். போதாவிட்டால் இரண்டு அகப்பை தயிரைப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். அந்தத் தண்ணீர் நான்கு தேக்கரண்டிக்கு ஊதாக் கோவாச் சாறு ஒரு தேக்கரண்டி. இளஞ்சிவப்பு ஊதா தெளிவாக வரும்.

அளவை மாற்றிப் போட்டால், அதாவது சாறு நிறையவும் தயிர்த் தண்ணீர் சொட்டாகவும் இருந்தால், நிறம் அசையாது. அதிலும் சாறு கிணற்றுத் தண்ணீரில் எடுத்ததென்றால் அதிலுள்ள இருகாபனேற்று மெல்லிய அமிலத்தை அப்படியே விழுங்கிவிடும். எனவே மெல்லிய பொருளுக்குச் சாறு குறைவாக, பொருள் கூடுதலாக.

பழப்புளியில் தடை அதன் பழுப்பு. நன்றாக ஐதாக்கி, துணியில் வடித்து, சாற்றில் தோய்த்துக் காயவைத்த வடிதாள் கீலத்தில் ஒரு சொட்டு வையுங்கள். சொட்டின் ஓரத்தில் படரும் வளையத்தைப் பாருங்கள். நடுவைப் பார்க்க வேண்டாம்.

நல்ல தண்ணீரில்தான் போட்டேன், ஆனாலும் சாறு கறுநீலமாகிறது

சட்டியைப் பாருங்கள். அலுமினியச் சட்டி, துருப்பிடித்த இரும்புக் கத்தி, பழைய தகரப் பேணி, இவை மூன்றில் ஒன்று இருக்கும். பூவின் நிறப்பொருள் அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து நீலமாகவும் கறுப்பாகவும் மாறும். அதற்கு அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம். 1915-இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு பெற்ற ஜேர்மனியர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர், சிவப்பு ரோசாவிலும் நீலக் கோர்ன்பிளவரிலும் இருப்பது ஒரே நிறப்பொருள் என்று காட்டினார். ஒன்று சிவப்பாகவும் மற்றது நீலமாகவும் நிற்பது ஏன் என்று பின்வந்தவர்கள் தேடியபோது, கோர்ன்பிளவரின் நீலத்துக்குள் இரும்பும் மக்னீசியமும் பிணைந்திருப்பது தெரியவந்தது. உங்கள் அலுமினியச் சட்டியில் நடப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த வேலைதான்.

கண்ணாடி, பீங்கான், பூச்சு உடையாத எனாமல், இவற்றில் செய்யுங்கள். சில்வர்ப் பாத்திரமும் பரவாயில்லை. பூவைக் கையால் பிய்த்தால் போதும், கத்தி எதற்கு?

சாறு வழுவழுவென்று நூலாக இழுபடுகிறது

செவ்வரத்தையைக் கசக்கிப் பிழிந்திருக்கிறீர்கள், அல்லது நெடுநேரம் அவித்திருக்கிறீர்கள். தலைக்கு வைக்க உதவும் அதே பசை. பச்சைக் காம்புப் பகுதியையும் நடுத் தண்டையும் நீக்கி, இதழை மட்டும் எடுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். கடுஞ்சிவப்புப் பூ மட்டும். மஞ்சள், செம்மஞ்சள் நிறச் செவ்வரத்தை இந்த வேலைக்கு உதவாது.

கடதாசிக் கீலம் காயும்போதே நிறம் மாறிவிடுகிறது

சாறு கிளாஸில் அழகாக இருக்கும். கடதாசியில் தோய்த்துக் காயவைத்தால் நீலமாகவோ பச்சையாகவோ திரும்பும். கணினிக்கும் போட்டோக்கொப்பிக்கும் பாவிக்கிற வெள்ளைக் கடதாசியில் வெண்மைக்காகக் கல்சியம் காபனேற்று சேர்ப்பது வழக்கம். அது கிணற்றில் கண்ட அதே சிப்பிப் பொருள்தான். அந்தக் கடதாசியில் ஒரு சொட்டு வினாகிரி வைத்து உற்றுப் பார்த்தால் நுண்குமிழிகள் வருவதுண்டு. வினாகிரியின் ஒரு பகுதியைக் கடதாசியே தின்றுவிடும், மெல்லிய அமிலம் என்றால் முழுவதையும் தின்றுவிடும்.

வடிதாள் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால் கோப்பி வடிக்கும் தாள், அல்லது கஞ்சி போகத் துவைத்து நன்றாக அலசிய பழைய வெள்ளைப் பருத்தித் துணி. கஞ்சிக்கும் சவர்க்காரத்துக்கும் இடம் வைக்காமல் அலச வேண்டும். மருதமுனைப் பக்கத்தில் நெசவு செய்வோர் வீட்டில் சாயமிடாத வெள்ளை நூல் துண்டு கேட்டால் அது இன்னும் நல்லது. நூலின் நுனியைப் பொருளில் தொட்டால் நிறம் ஏறுவது தெரியும்.

நிழலில் காயவையுங்கள். எங்கள் கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் இந்த நிறப்பொருள் வெளிறும். காய்ந்ததும் மூடியுள்ள போத்தலில் போடாவிட்டால் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

மஞ்சள் சரியாக வேலை செய்யவில்லை

மஞ்சளைப் பற்றிய முறைப்பாடுகள் பலவிதம். அவற்றில் பாதி, மஞ்சளின் எல்லையை அறியாததால் வருகிறது.

தேசிக்காய் விட்டால் மஞ்சள் மாறாது. அது கோளாறு இல்லை. மஞ்சள் காரத்தை மட்டும் சொல்லும். அமிலமும் நல்ல தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். அமிலத்தைக் கேட்கவேண்டுமானால் முதலில் அதைச் சிவக்கவைக்க வேண்டும். வாசலில் மாப்பிள்ளை பெண்ணுக்கு எடுக்கிற ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து செந்நீர் செய்கிறோமே, அதில் ஒரு கரண்டி தனியே எடுத்துத் தேசிக்காய் பிழியுங்கள். சிவப்பு ஓடி மஞ்சள் திரும்பும். சவர்க்காரம் தேய்த்துச் சிவக்கவைத்த மஞ்சள் கீலமும் இப்படியே அமிலத்தைக் காட்டும்.

அப்பச்சோடாவுக்கும் மஞ்சள் சிவக்கவில்லை என்பார்கள். அப்பச்சோடாக் கரைசல் 8.3 அளவில் நிற்கும். மஞ்சள் சிவக்கத் தொடங்குவதே அந்த எல்லையில்தான். ஆகவே மங்கிய செம்மஞ்சளோடு நின்றுவிடும், அல்லது மாறவே மாறாது. இதை நிரூபிக்க வழி இருக்கிறது. இரண்டு தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சில்வர்ச் சட்டியில் போட்டு, நடுத்தரச் சூட்டில் கிளறிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் வறுங்கள். தூள் சட்டியில் மெல்லத் துள்ளும், ஆவி கிளம்பும், பிறகு அடங்கும். தண்ணீரும் காபனீரொட்சைட்டும் போய் மிஞ்சியது சலவைச் சோடா. ஆறவிட்டுக் கரைத்து, வறுக்காத சோடாக் கரைசலோடு பக்கத்தில் வைத்து, ஒரே மஞ்சள் கீலத்தின் இரு நுனியில் தொடுங்கள். வறுத்தது பட்ட இடம் செங்கல் நிறமாகும், மற்ற நுனி மஞ்சளாகவோ மங்கிய செம்மஞ்சளாகவோ கிடக்கும். ஒரு வீட்டு அடுப்பில் பிள்ளை பார்க்கக்கூடிய மிக நல்ல இரசாயன மாற்றங்களில் இதை நான் முதலில் வைப்பேன். வறுத்த தூள் கையை அரிக்கும், கண்ணில் படக்கூடாது. பெரியவர் ஒருவர் நின்று செய்ய வேண்டும்.

மஞ்சள் தண்ணீரில் கரையாமல் அடியில் மண்டியாகக் கிடந்தால், சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, மதுசாரத்தில் நன்றாகக் கரையும். அடுப்புக்குக் கிட்டே வேண்டாம். இறக்குமதி நின்று விலை எகிறிய 2020 காலத்தில் மாக் கலந்த தூளும் சந்தைக்கு வந்தது. கடைத் தூளில் சந்தேகம் இருந்தால் பின்வளவில் ஒரு கிழங்கு கிண்டி, துணியில் நேரே உரசுங்கள்.

இனி, உண்மையிலேயே புதிரான ஒன்று. கரம் பலகையில் போடுகிற போரிக் அமிலத் தூளைக் கரைத்து மஞ்சள் கீலத்தில் விட்டால், காயும்போது செம்பழுப்பாகிறது. பெயரில் அமிலம், நடத்தையில் காரம் போல இருக்கிறது. சங்குப்பூவும் ஊதாக் கோவாவும் அதைக் காரம் என்று சொல்லாது. போரிக் அமிலம் மெலிந்த அமிலமேதான். ஆனால் அது மஞ்சளின் நிறப்பொருளோடு தனியாகப் பிணைந்து ஒரு சிவப்புச் சேர்வையை உண்டாக்குகிறது. வேறுபடுத்துவது எளிது: அந்தச் சிவப்பில் தேசிக்காய் விடுங்கள். காரத்தால் வந்த சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும், இது திரும்பாது. சோடாக் கரைசல் பட்டால் கரும்பச்சையாகும். இந்தத் தூள் வாய்க்குள் போகக்கூடாத ஒன்று, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

நிறம் வந்தது, பிறகு காணாமல் போனது

இரண்டு காரணம் உண்டு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

மெதுவாக, அரைமணி நேரத்தில், பச்சை மஞ்சளாகி மங்கினால் அது காரத்தின் வேலை. கடுங்காரத்தில் பூவின் நிறப்பொருள் உடைந்துவிடும். சுண்ணாம்புத் தெளிநீரிலும் சாம்பல் தண்ணீரிலும் இது நடக்கும். தென்னம்மட்டைச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று நிறைய இருப்பதால் அதன் தெளிநீர் நல்ல காரம். நிறத்தைக் கலந்த முதல் நிமிடத்திலேயே பார்த்து எழுதுங்கள்.

சட்டென்று, சில வினாடியில், எல்லா நிறமும் போய்த் தெளிந்த தண்ணீர்போல நின்றால் அது வெளிற்றும் குளோரின் திரவம். அது நிறத்தை மாற்றவில்லை, நிறப்பொருளையே அழித்துவிட்டது. இதைப் பூச்சாறால் சோதிக்க முடியாது. மாரி வெள்ளம் வடிந்த பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவார்கள். அந்த நாட்களில் எடுத்த கிணற்றுத் தண்ணீரில் ஐதான சாறு வெளிறுவதும் இதனால்தான். தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தால் குறையும்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிற்றும் குளோரின் திரவம் விட்ட கிளாஸுக்குள் தேசிக்காயோ வினாகிரியோ கழிவறை கழுவும் அமிலமோ விடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அது நெஞ்சை அடைத்து நுரையீரலைப் புண்ணாக்கும். ‘நிறம் திரும்ப வருதா பார்ப்போம்’ என்று பிள்ளை செய்யக்கூடிய முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும். ஆகவே இந்தத் திரவத்தைப் பிள்ளைகளின் மேசைக்கே கொண்டுவராதீர்கள். கழிவறை அமிலம், அடைப்பு நீக்கும் கோஸ்டிக் சோடா, பற்றரி அமிலம் மூன்றும் அப்படியே. அவை என்ன என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது, சோதித்துத்தான் அறியவேண்டும் என்றில்லை.

சவர்க்காரம் காரம் என்று படித்தோம்; சம்பூ அசையவில்லை

இரண்டும் நுரைக்கும், ஆனால் ஒன்றல்ல. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சவர்க்காரக் கட்டி 9 முதல் 10 வரை நிற்கும். சம்பூவும், பாத்திரம் கழுவும் திரவங்களில் பலவும் வேறு செயற்கைப் பொருட்களால் ஆனவை. தோலுக்கு ஏற்ப அவற்றை நடுநிலைக்குக் கிட்டவோ சற்று அமிலமாகவோ வைத்திருப்பார்கள். உங்கள் சாறு சரியாகவே சொல்லியிருக்கிறது.

பீற்றூட் எதற்கும் மாறவில்லை

அதன் சிவப்பு வேறு குடும்பம். மெல்லிய அமிலத்திலும் மெல்லிய காரத்திலும் சிவப்பாகவே நிற்கும், கடுங்காரத்தில்தான் மஞ்சளாகும். விட்டுவிடுங்கள். கையில் பூவே இல்லையென்றால் வெறுந்தேத்தண்ணி மேல். தேசிக்காய் பிழிந்தால் வெளிறும், சோடா போட்டால் கறுத்துப் பழுப்பாகும்.

நேற்றுச் சங்குப்பூச் சாறு நீலம், இன்று ஊதா

புளித்துவிட்டது. எங்கள் வெக்கையில் பூச்சாறு ஒரே நாளில் நொதிக்கத் தொடங்கும், நொதித்தலில் அமிலம் பிறக்கும். மணத்திலேயே தெரியும். ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்தால், தேவைக்கு ஒரு கட்டி எடுக்கலாம். இதழ்களை நிழலில் உலர்த்தி வைப்பது இன்னும் நல்லது.

வயல் மண்ணைக் கலக்கினால் நிறமே மண்ணோடு போய்விடுகிறது

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்பது இது, கேட்கவேண்டிய கேள்வியும்தான். களிமண் துகள் சாயத்தைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். அதனால் மேலே நிற்கும் தண்ணீர் நிறமிழக்கும், அது அமிலத்தாலோ காரத்தாலோ அல்ல. சாற்றை மண்ணுக்குள் விடாதீர்கள். ஒரு பங்கு உலர்ந்த மண்ணுக்கு இரண்டரைப் பங்கு மழைத்தண்ணீரோ போத்தல் தண்ணீரோ விட்டுக் கலக்கி, ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை இரண்டாக மடித்த துணியில் வடித்து, அதில் ஊதாக் கோவாச் சாறு சில சொட்டு விடுங்கள். பக்கத்தில் மண் போடாத அதே தண்ணீரில் அதே சொட்டு.

இரண்டும் ஒன்றுபோல இருந்தால் மண் நடுநிலைக்குக் கிட்ட. ஊதா சிவப்புப் பக்கம் போனால் அமிலம். நீலம், பச்சைப் பக்கம் போனால் காரம். அதற்கு மேல் இந்தச் சாற்றிடம் கேட்கக்கூடாது. வயலுக்குச் சுண்ணாம்பு போடுவதா, எவ்வளவு போடுவது என்பது அரைப் படி வித்தியாசத்தில் மாறுகிற முடிவு. கோவாச் சாறு அரைப் படியைக் காட்டாது. மண்ணை வயலில் பல இடத்தில் தோண்டி எடுத்துக் கலந்து, பொலித்தீன் பையில் கட்டி, எந்தப் போகம், என்ன பசளை போட்டது என்று எழுதி, கமநல சேவை நிலையத்துக்கு வருகிற விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். அதே தெளிநீரில் ஒரு கோவாச் சாற்றுக் கீலத்தையும் தொட்டு, பிள்ளையைக் கூடவே கொண்டுபோகச் சொல்லுங்கள். அவருடைய மானி காட்டும் எண்ணைக் கீலத்தின் பின்புறம் எழுதிக்கொண்டு வரட்டும்.